டைப் மிஸ்ஸும் ஒரு சொட்டு மழையும்

பெங்களூரில் மழை பிடிக்காதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். மழையோடு நேருக்கு நேர் சண்டையில் இருந்த ஒரே மனுஷி எங்கள் டைப் மிஸ்தான்.

மற்றவர்களுக்கு மழை என்றால் குடை, பஜ்ஜி, பஸ் லேட். மிஸ்ஸுக்கு அது வேண்டுமென்றே வீடு தேடி வந்து வம்பு செய்கிற ஆசாமி. முதல் தூறல் விழுந்ததும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "வந்துட்டான் பாரு, வேலைவெட்டி இல்லாதவன்" என்பார். நான் எதையும் அன்றன்றே டைரியில் குறித்து வைக்கிறவன். அதனால் இதில் எதையும் பெரிதுபடுத்தவில்லை என்று நம்பலாம். எங்காவது பெரிதாகத் தெரிந்தால், அது மிஸ்ஸின் அளவு. என் கைச்சரக்கு அல்ல.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரணியிலிருந்து வேலைக்கு வந்த நான், தொம்மலூரில் மிஸ் வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தேன். முன்னறையில் மிஸ்ஸின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மாடியில் அவருடைய தம்பி ஆரோக்கியத்தின் குடும்பம். வீட்டுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி ஒரு தகர ஷெட். ஷெட்டுக்குள் துரை.

மிஸ்ஸுக்கு ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று இருந்தது. அது பாதிரியாருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும். போஸ்ட்மேன்கூட வாசலில் நின்று "டைப் மிஸ்!" என்றுதான் குரல் கொடுப்பார். துரை விஷயம் வேறு. துரையைத் தொம்மலூருக்கே தெரியும்.

துரை ஒரு கார். இங்கிலாந்தில் பிறந்த, இரண்டே கதவும் இரண்டே சீட்டும் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். பாசிப் பச்சை நிறம், நீள மூக்கு, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும் உயரம். அதில் ஏறுவது என்பதே கிடையாது. கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி இறங்கத்தான் வேண்டும். சிக்கமகளூர் பக்கம் காபி எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சொந்த ஊர் திரும்பும்போது தன் டிரைவருக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. அந்த டிரைவர்தான் மிஸ்ஸின் அப்பா. அவருக்குப் பிறகு வீடும் ஷெட்டும் அக்கா தம்பி இருவருக்கும் பொது, வண்டி மட்டும் மிஸ்ஸுக்கு என்று ஆயிற்று. காரணம் எளிது. ஆரோக்கியத்துக்குக் கடைசி வரை கிளட்ச் பிடிபடவில்லை.

துரையிடம் மிஸ் இங்கிலீஷில் மட்டுமே பேசுவார். காலையில் ஷெட்டைத் திறந்ததும், "குட் மார்னிங், துரை. டிட் யூ ஸ்லீப் வெல்?" ஸ்டார்ட் ஆகாவிட்டால், "நாட் டுடே, ப்ளீஸ்." ஒரு தடவை நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே "கிளம்புப்பா, கிளம்பு" என்றேன். மிஸ் கண்ணாடியை இறக்கி, "அவருக்குத் தமிழ் தெரியாது தம்பி, குழப்பாதே" என்றார். வெள்ளைக்காரர் பேசிப் பழக்கிய வண்டியாம். மனிதர்களிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம், வண்டியிடம் இங்கிலீஷ். இந்த ஒழுங்கை அவர் மீறி நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாள் தவிர.

துரைக்கு இருந்த ஒரே வியாதி, ஒழுகுவது. கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடும் அல்லவா, மெக்கானிக்குகள் 'பீடிங்' என்று சொல்வார்களே, அது துரைக்கு வயதாகி உப்புக்கண்டம் மாதிரி காய்ந்து போயிருந்தது. அங்கங்கே உதிர்ந்தும் இருந்தது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் தண்ணீர் தாராளமாக வரும். மழை நாளில் துரையில் போகிறவர் உள்ளே குடை பிடித்துக்கொள்ள வேண்டும். இது நகைச்சுவைக்காகச் சொல்வதல்ல. டிரைவர் சீட்டில் மிஸ், பக்கத்து சீட்டில் குடை விரித்து நான் என்று ஒரு நாள் ஏர்போர்ட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். குனிந்து என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனம்மா, கார் ஒளகே மளே பர்தா இதெயா?" உள்ளேயும் மழை பெய்கிறதா என்று கேட்கிறார்.

மிஸ் நிதானமாகச் சொன்னார்: "ஒளகே ஜாஸ்தி சார். ஹொரகே கம்மி."

உள்ளேதான் அதிகம், வெளியே குறைவு என்ற அந்தப் பதிலை அவர் குனிந்தபடியே நம்பினார். ஏனென்றால் அதற்குள் அவருடைய தொப்பி நனைந்ததைவிட என் பேன்ட் அதிகம் நனைந்திருந்தது. "ஹோகம்மா, பேக ஹோகு" என்று சீக்கிரம் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வகுப்பு நடக்கும்போது மழை வந்தால் இன்னொரு கூத்து. "யாரும் கீயிலருந்து விரலை எடுக்கக் கூடாது!" என்று கட்டளை போட்டுவிட்டு, துண்டுகளை வாரிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடுவார். ஷெட்டின் கூரையும் துரையின் கட்சிதான், அதுவும் ஒழுகும். பிள்ளைகள் பயத்தில் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே இடி, உள்ளே டைப்ரைட்டர். தெருவில் போகிறவர்களுக்கு எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் ஆரோக்கியத்தின் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கோலார் தங்கவயல்காரர்கள். பெண் சர்ச்சுக்கு வருவதற்கு ஏசி கார் அனுப்புகிறோம், ஜிகினா கட்டி, பூ வைத்து என்று சொன்னார்கள். ஜெசிந்தா வேண்டாம் என்றுவிட்டாள்.

"நான் துரையிலதான் போவேன்ப்பா. சின்ன வயசுல அத்தை எனக்குப் பிராமிஸ் பண்ணியிருக்காங்க."

ஆரோக்கியம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். நான் வாடகை கொடுக்கப் போய் வாசலிலேயே மாட்டிக்கொண்டேன்.

"ஜூன் மாசத்துல கல்யாணம். சாயங்காலப் பூசை. வானம் பொத்துக்கினு ஊத்தும். வெள்ளை சாட்டின் கவுன். அந்தத் தண்ணித் தொட்டியில உக்காந்து போவியா நீ?"

"பீடிங் மாத்திட்டா ஒழுகாது" என்றார் மிஸ்.

"எத்தினி வருசமா மாத்தப் போறே அக்கா?"

"இப்ப மாத்தறேன். ஒரு சொட்டு உள்ள வராது."

"வந்துட்டா?"

"வராது."

"வந்துட்டான்னு கேக்கறேன்."

மிஸ் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையில்தான் எல்லாமே பந்தயத்துக்கு வந்தது. ஆரோக்கியம் வெகு நாட்களாக அந்த ஷெட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைக்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். தெருவைப் பார்த்த இடம், கண்ணாடிக் கதவு, மஞ்சள் போர்டு எல்லாம் மனசுக்குள் தயாராக இருந்தது. துரைதான் குறுக்கே நின்றார்.

"ஜெசிந்தா கவுன்ல ஒரு சொட்டு மழை பட்டுச்சுன்னா, ஷெட்டை எடுத்துக்கோ. துரையை நானே காயலான் கடைக்கு ஓட்டிக்கினு போறேன்" என்றார் மிஸ். "படலேன்னா, இந்த ஜென்மத்துல எஸ்.டி.டி. பேச்சை எடுக்கக் கூடாது."

"சாட்சி?"

இரண்டு பேரும் வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜே.சி. ரோடு கடைகளில் அடி கணக்கில் வெட்டிக் கொடுக்கும் ரப்பரை மிஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஃப்ரிட்ஜுக்கு" என்று வந்துவிட்டார். துரைக்கு அவருடைய சொந்த ஊர் ரப்பர்தான் வேண்டுமாம். மிஸ்ஸிடம் டைப் படித்த பெண் ஒருத்தியின் அக்கா இங்கிலாந்தில் நர்ஸ். அவர் லீவுக்கு வரும்போது வாங்கி வந்தார். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்த அதிகாரி, புடவைகளுக்கு நடுவில் கறுப்பாகச் சுருண்டு படுத்திருந்ததைப் பார்த்து இரண்டடி பின்னால் போனாராம். நர்ஸம்மாவின் புடவைகளில் அந்த ரப்பர் வாடை போகவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வந்த ரப்பரை மிஸ் உடனே மாட்டவில்லை. "கப்பல்ல வந்தாலும் பிளேன்ல வந்தாலும் களைப்பு களைப்புதான். கொஞ்சம் கால் நீட்டட்டும்" என்று, சுருள் பிரிந்து நேராகும்படி இன்ஸ்டிட்யூட் மேஜைகளின் மேல் நீளமாகப் படுக்க வைத்தார். ஒரு வாரம் பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி டைப் அடித்தார்கள். யாராவது முழங்கையை வைத்துவிட்டால், "ஏய், தூங்குது!" என்று அதட்டல்.

பழைய பீடிங்கை எடுப்பது தனிப் போர். வெண்ணெய்க் கத்தி, மண்ணெண்ணெய், பழைய பனியன். நானும் மிஸ்ஸும் இரண்டு கதவு வாசலையும் சுரண்டிச் சுரண்டித் தகரம் தெரிகிற வரை கொண்டுவந்தோம். தெருமுனைப் பஞ்சர் கடை பாய் ரப்பர் சொல்யூஷன் டப்பாவோடு வந்தார். முதலில் பெண் உட்காரப் போகும் இடப்பக்கக் கதவு. பாய் பாடியின் விளிம்பில் சொல்யூஷனைத் தடவினார். மிஸ் ரப்பரை வைத்துக்கொண்டே வந்தார்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. டைப் மிஸ் அன்றி வேறு யாராலும் செய்திருக்க முடியாத தப்பு. உலகத்தில் மிஸ்ஸுக்குச் சகிக்காதவை இரண்டு: காகிதம் ரோலரில் சுருக்கம் விழுந்து ஏறுவது, வலது ஓரம் ஒழுங்கில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்பது. அதனால் ரப்பரை இழுத்துப் பிடித்து, ஒரு சுருக்கமும் இல்லாமல், வீணைத் தந்தி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தார். வாசலைச் சுற்றி வந்து முடிந்தபோது ஒரு சாண் ரப்பர் மிச்சம் தொங்கிற்று.

"அரே மிஸ், வெட்டாதீங்க, இருக்கட்டும்" என்றார் பாய்.

"மார்ஜின் தாண்டி நிக்குது பாய்" என்று மிஸ் கத்தரியைப் போட்டார். நறுக். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், இழுத்துக் கட்டிய ரப்பர் இரவெல்லாம் தன் பழைய நீளத்துக்குத் திரும்பியிருந்தது. மேல் மூலையில், மழைக்கு எது முக்கிய வாசலோ சரியாக அங்கே, ஒரு சாண் இடைவெளி. மிஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். துரைக்கு அன்று குட் மார்னிங் இல்லை. வகுப்பும் இல்லை. வாசலில் காத்திருந்த பிள்ளைகளிடம் "இன்னிக்கு லீவு" என்றார். அந்த இன்ஸ்டிட்யூட் சரித்திரத்தில் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதால் பிள்ளைகள் நம்பாமல் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்கள்.

மாடியிலிருந்து ஆரோக்கியம் இறங்கி வந்தார். எட்டிப் பார்த்தார். "போர்டு மஞ்சள்லயே போட்டுடலாம், இல்ல?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

நான் மிஸ் அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய், வெட்டிய துண்டை எடுத்து வந்தார். எதையும் தூக்கிப் போடாத வீடு அது.

"பாய், டியூப்பை ஒட்டறீங்கல்ல? இதை ஒட்டுவீங்களா?"

"ஒட்டலாம் மிஸ். ஆனா மேல ஜாயின்ட் வெச்சா தண்ணி புடிச்சிக்கும்."

"கீழ வெச்சா?"

"கீழ வெச்சா பர்வா இல்ல. தண்ணி அதும் வழியில போயிடும்."

"அப்ப எல்லாத்தையும் உரிங்க."

"எல்லாத்தையுமா!"

"ஒரு லெட்டர் தப்பாப் போனா நான் பக்கத்தையே திருப்பி அடிக்க வைக்கிறவ பாய்."

உரித்தோம். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி பனியன். பாய் ரப்பரின் இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டி, வெட்டின துண்டை நடுவில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நசுக்கி வைத்தார். இந்தத் தடவை மிஸ் இழுக்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் தள்ளித் தள்ளி ஒட்டினார். மூலைகளில் ரப்பர் லேசாகப் புடைத்து நின்றது. அந்தப் புடைப்பைப் பார்க்கும்போதெல்லாம் மிஸ்ஸின் கை தானாகக் கத்தரியைத் தேடும். கடைசியில், "தம்பி, கத்தரியை உன் வீட்ல வெச்சுக்கோ" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

பீடிங் உட்கார்ந்துவிட்டது. இப்போது கதவு சாத்தவில்லை.

புது ரப்பர் தடியாக இருந்ததால் கதவு விரலளவு வெளியே நின்றது. பாய் தள்ளினார், நான் தள்ளினேன். கடைசியில் ஓடிவந்து இடுப்பால் இடித்துச் சாத்துகிற வித்தையை மிஸ்ஸே கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவையும் 'டமார்' என்று சத்தம். ஏர்போர்ட் பக்கம் விமானங்கள் தலைக்கு மேல் போகிற ஊர், அதற்கெல்லாம் திரும்பாத தொம்மலூர் ஜனம் இந்தச் சத்தத்துக்கு வெளியே வந்து பார்த்தது. உள்ளே உட்கார்ந்திருந்தால் காது அடைத்துக்கொள்ளும். "காத்து போக வழியில்ல பாரு. காத்தே போகலேன்னா தண்ணி எங்கருந்து வரும்?" என்றார் மிஸ், முகமெல்லாம் பிரகாசமாக. கதவுகளைச் சாத்தி, கயிறு போட்டு இறுகக் கட்டி, ரப்பர் படிகிற வரை நாள்கணக்கில் அப்படியே விட்டோம்.

பிறகு வந்தது மிஸ்ஸின் மேதைமை. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். ரப்பர் கதவைச் சுற்றி எல்லா இடத்திலும் தொடுகிறதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? பாய்க்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மிஸ் கதவின் உள்விளிம்பைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தை நீள நீளமாக நறுக்கி ஒட்டினார். அதன் மேல் கார்பன் பேப்பர். ஓடிவந்து ஒரு இடி. டமார். திறந்து கார்பனை எடுத்தால், ரப்பர் அழுத்தின இடமெல்லாம் காகிதத்தில் கருநீலக் கோடு! ஒரு மூலையில் மட்டும் கோடு விட்டுப் போயிருந்தது. அங்கே ரப்பருக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கொடுத்து மறுபடி அடித்தார். ஆமாம், அவர் அதை 'அடிப்பது' என்றுதான் சொன்னார். கோடு முழுசாக வந்தது.

"கரெக்டா ஒரு காப்பி எடுத்தாச்சு" என்றார். பாய் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்து, நெற்றியில் தொட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தண்ணீர்ப் பரீட்சைக்கு என்னை மணப்பெண்ணாக்கினார்கள். கவுனுக்குப் பதில் வெள்ளைப் பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு நான் உள்ளே. வெளியே ஆரோக்கியம், குடம் குடமாகத் தூக்கிக் கதவின் மேல் ஊற்றினார். தெரு திரண்டுவிட்டது. குழாயில் தண்ணீர் வருவதே அதிசயமான நாட்கள். "காருக்குக் குளிப்பாட்டறீங்களே, நாங்க குடிக்கறதா வேணாமா?" என்று ஒரு கூச்சல். "பொண்ணுக்கு மீசை இருக்குதே!" என்று இன்னொரு குரல். "அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதான், ஏசி காரு வேணாம்னுட்டாங்கல்ல!"

வெளியே வந்தேன். மிஸ் பெட்ஷீட்டை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். என் நெற்றியில் மட்டும் ஈரம் இருந்தது. அது வியர்வை என்று நான் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

ஆரோக்கியம் காலிக் குடத்தோடு நின்றார். "குடத்துத் தண்ணி நேரா விழும். மழை சைடுல அடிக்கும்" என்றார்.

கல்யாண நாள் விடிந்தது. வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. ஆகாயம் கழுவித் துடைத்த மாதிரி நீலம். மிஸ் வெளியே வந்து பார்த்தார். அவருக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "வருசம் பூரா கூப்பிடாம வருவான். இன்னிக்கு வேணும்னா வர மாட்டான் பாரு!" ஆரோக்கியத்துக்கும் முகம் விழுந்துவிட்டது. மழை இல்லாவிட்டால் பந்தயமே இல்லை, துரையும் ஷெட்டில் அப்படியே இருப்பார். அன்று காலை அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் வெவ்வேறு காரணத்துக்காக ஒரே மழைக்கு ஜெபம் செய்தார்கள்.

அந்தக் காலை மிஸ் இன்னொரு காரியமும் செய்தார். கார்பன் பரீட்சையின்போது எங்கள் கைகளிலிருந்த மை, கதவின் உள்விளிம்பில் அங்கங்கே கறுப்பாக அப்பியிருந்தது. துடைத்தும் போகவில்லை. கவுனில் பட்டால்? பச்சைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, விளிம்பு முழுக்க ஒரு கோட் பூசி, கதவைத் திறந்தே வைத்துக் காயவிட்டார். மாலை விரலால் தொட்டுப் பார்த்தோம். ஒட்டவில்லை. ஜெசிந்தா கவுனைச் சுருட்டிக்கொண்டு துரைக்குள் இறங்கினாள். மிஸ் ஓடிவந்து இடுப்பால் ஒரு இடி. டமார்.

வண்டி தெருமுனை திரும்பவில்லை, இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடம் மழை. அப்படி ஒரு மழை. ஆரோக்கியம் சொன்ன மாதிரியே சைடில் அடித்தது.

துரையில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஆரோக்கியம், 'பின்னாலேயே வந்து கண்ணால பாக்கணும்' என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியிருந்தார். ஆட்டோவுக்குத்தான் கதவே கிடையாதே. ஆஸ்டின் டவுன் தாண்டுவதற்குள் அவருடைய புது கோட்டு, சட்டை, பையிலிருந்த கர்ச்சீப்பு எல்லாம் ஊறிவிட்டது. முன்னால் பச்சை மூக்கை நீட்டிக்கொண்டு துரை தண்ணீரைக் கிழித்துப் போனார். ஆரோக்கியம் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, "உள்ள குடை விரிச்சிருக்காங்களா, பாருப்பா?" என்று கத்தினார். பின் கண்ணாடி வழியாக வெள்ளை முக்காடு மட்டும் தெரிந்தது. குடை இல்லை.

விவேக் நகர் சர்ச் போர்ட்டிகோவில் மாப்பிள்ளை, இரண்டு வீட்டு ஜனம், பூச்செண்டு எல்லாம் காத்திருந்தன. துரை வந்து கூரைக்கு அடியில் நின்றார். நாங்களும் இறங்கி ஓடினோம். மாப்பிள்ளைதான் கதவைத் திறக்கப் போனார். ஹேண்டிலைத் திருப்பினார். இழுத்தார். கதவு வரவில்லை.

பெயின்ட். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்த பெயின்ட், புது ரப்பரோடு சேர்ந்து கவர் ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே ஜெசிந்தா சிரித்துக்கொண்டே கண்ணாடியில் தட்டினாள். மாப்பிள்ளையின் சித்தப்பா இழுத்தார். வீடியோக்காரர் லைட்டைப் போட்டு அதையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

மிஸ் தன் பக்கத்துக் கதவு வழியாக இறங்கி வந்தார். "எதுக்கு இப்படி இழுக்கறீங்க, துரைக்குக் காது பிஞ்சுடும்" என்றவர், நனைந்து நின்ற தம்பியைப் பார்த்தார். "ஆரோக்கியம், நீ இழு."

"நான் எதுக்கு?"

"நீதானே திறக்கணும், உள்ள என்னா ஆச்சுன்னு பாக்க."

ஆரோக்கியம் ஒரு காலைப் பாடியில் முட்டுக் கொடுத்தார். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்தார். ஒரு மூச்சு. சோடா பாட்டில் திறக்கிற மாதிரி 'பக்' என்று ஒரு சத்தம். கதவு வந்தது, ஆரோக்கியம் போனார். போர்ட்டிகோவுக்கு வெளியே, நல்ல ஆழமான ஒரு குட்டையில், கோட்டு டையோடு மல்லாக்க.

ஜெசிந்தா இறங்கி நின்றாள். அந்த வெள்ளை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சாட்டினில் ஒரு சொட்டு விழுந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ஒரு புள்ளி இல்லை. முக்காட்டின் கஞ்சிகூட விறைப்பாக அப்படியே இருந்தது. சேற்றிலிருந்து எழுந்து வந்த ஆரோக்கியம் மகளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சாட்சி என்ற முறையில் நானும் பார்த்தேன். அவர் சொட்டுத் தேடத்தான் பார்க்க ஆரம்பித்தார். பாதியில் அதை மறந்துவிட்டார். முகம் கோணிற்று. "என் கண்ணு" என்று போய் அவளைக் கட்டிக்கொண்டார், தலை முதல் கால் வரை சொட்டிக்கொண்டிருந்த அதே கோட்டோடு.

விலகியபோது கவுனின் முன்பக்கம் முழுக்க ஈரம்.

எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தோம். மிஸ் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஈரத்தைப் பார்த்தார்.

"சொட்டு இருக்கே ஆரோக்கியம்."

ஆரோக்கியம் கையால் முகத்தைத் துடைத்தார். "அது மழை இல்ல அக்கா. நான்" என்றார். கோட்டைப் பிழிந்துகொண்டே, "எஸ்.டி.டி.யை வேற எங்கயாச்சும் வெச்சுக்கறேன்" என்றார்.

சர்ச்சுக்குள் ஜெசிந்தா ஈரமான அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் ஷூவிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் 'சளக், சளக்' என்று சத்தம். பியானோக்காரர் அதற்கேற்ற மாதிரி வாசித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

மிஸ்ஸைக் காணோம். திரும்பி வெளியே வந்தேன். துரையை மர ஓரமாகக் கொண்டு போய் நிறுத்தி, கண்ணாடி ஏற்றி, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வண்டி மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் மறுபக்கம் இறங்கி உட்கார்ந்து, கதவைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சாத்தினேன். சட்டென்று மழை தூரமாகப் போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு ஆர்ப்பாட்டம். இந்தப் பக்கம் எங்கள் மூச்சுதான் கேட்டது.

மிஸ் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்லா நின்னடா, என் ராசா."

"மிஸ், தமிழ்ல பேசறீங்க!"

"இன்னிக்கு அவருக்குப் புரியும்" என்றார். பிறகு வெளியே மழையைப் பார்த்து, ரொம்ப நாள் சண்டைக்காரனிடம் பேசுகிற குரலில், "போதும், போ. பாவம், நீயும் எவ்ளோதான் ட்ரை பண்ணுவே" என்றார். உள்ளே பூசை ஆரம்பித்துவிட்டது என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். நானும் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

மிஸ் இப்போது இல்லை. துரை ஜெசிந்தாவின் வீட்டில், நல்ல காங்கிரீட் கூரைக்கு அடியில் இருக்கிறார். என்னிடமும் ஒரு கார் இருக்கிறது. எல்லாக் கதவும் தானாகப் பொருந்துகிற சாதாரணக் கார், ஒரு சொட்டு வராது. ஆனாலும் பெங்களூரில் மழை பிடித்துக்கொள்ளும்போது வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, ஒரு தடவை ஓங்கிச் சாத்திக்கொள்கிறேன். பக்கத்தில் மனைவி, "எதுக்குங்க இது?" என்பாள். மிஸ்ஸுக்கும் மழைக்கும் நடக்கிற தகராறில் நான் இன்றைக்கும் மிஸ் கட்சி.